சட்டத்துக்கு வெளியே நிற்பவனின் இரண்டாம் பாகம்

எதிர்நாயகன் என்ற சொல்லைத் தமிழில் இரண்டு பொருளில் ஆள்கிறோம். நாயகனோடு மோதும் வில்லனைச் சிலர் அப்படி அழைக்கிறார்கள். கதையின் நடுவே நாயகனுக்குரிய இடத்தில் நின்றுகொண்டே நாயகனுக்குரிய நற்குணங்கள் இல்லாதவனாக இருப்பவனையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். முதலாமவனுக்குப் பிரதிநாயகன் என்ற சொல் வடமொழி நாடக மரபிலிருந்து வந்து ஏற்கெனவே இருப்பதால், இந்தக் கட்டுரையில் எதிர்நாயகன் என்பது இரண்டாமவனையே, அதாவது ஆன்ட்டி ஹீரோ என்று சொல்லப்படுபவனையே குறிக்கும். அவர்களிலும் சட்டத்தால் தேடப்படும் ஒருவனை எடுத்துக்கொண்டு, அவனைப் பற்றிய அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை, இவ்வகைப் படங்களுக்குப் புதியவர்களுக்காக விளக்க முயல்கிறேன். படங்களின் முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்கள் வில்லனுக்கும் எதிர்நாயகனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்கத் திரையரங்குக்குப் போக வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து முடியும் நாளன்று, ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளமான அந்த உடலைச் சுற்றிப் பீமன் வேடமிட்டவரும் துரியோதனன் வேடமிட்டவரும் ஓடி ஓடிப் போரிட்டு, கடைசியில் தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி வேடமிட்டவர் விரித்த கூந்தலை முடிந்துகொள்வார். அந்தப் படுகளத்துத் துரியோதனன் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் பிரதிநாயகன்தான், ஏனென்றால் கூந்தல் முடியப்பட வேண்டும் என்றே கூட்டம் முழுவதும் காத்திருக்கிறது. கர்ணன் விழும் இரவு அப்படிப்பட்டதன்று. அவன் நிற்பது தவறான பக்கம் என்று தெரிந்தே மக்கள் கண் கலங்குகிறார்கள். தவறான பக்கத்தில் நிற்கும் ஒருவனுக்காக மனம் இளகும் அந்த இடத்தில்தான் எதிர்நாயகன் தொடங்குகிறான்.

அதைவிடப் பழைய சான்று நம் வயல் வரப்புகளிலேயே நிற்கிறது. இவ்விரு மாவட்டங்களிலும் ஏராளமாகக் கிடைக்கும் நடுகற்களில், ஒரு கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் செதுக்கப்பட்டிருப்பான். சில கற்களில் காலடியில் மாடுகளும் இருக்கும். மாட்டு மந்தையைக் குறிக்கும் தொறு என்ற சொல்லைக் கல்வெட்டில் காணலாம். தொறுவை மீட்கும்போது இறந்தவனுக்கு எடுத்த கற்களே மிகுதி என்றாலும், தொறுவைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் எடுத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி என்ற ஒரே திணைக்குள் வைக்கிறது. மீட்டலுக்குக் கரந்தை என்று தனித் திணை வகுத்தது பிற்கால மரபு. மாட்டை இழந்த ஊருக்கு அவன் திருடன், அனுப்பிய ஊருக்கு அவன் வீரன் என்ற இரண்டு உண்மைகளையும் ஒரே கல் தாங்கி நின்றதைப் பழக்கமாகக் கண்ட மண்ணில், எதிர்நாயகன் என்ற கருத்து வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, சட்டத்துக்குப் புறம்பானவன் என்ற தொடரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அவுட்லா எனப்படும் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தை மீறுபவன் என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிதான் புரியும். இடைக்கால இங்கிலாந்தில் வழக்குமன்றத்துக்கு வராமல் ஓடிப்போனவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதாக அறிவித்தார்கள். அதன்பின் அவனுடைய உடைமை அவனுடையதில்லை. மிகப் பழைய காலத்தில் அவனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் இல்லை. நம் ஊர்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டால் நல்லது கெட்டதுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், கடையில் பொருள் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கொடுமையை நாடு முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் அவுட்லா என்பவனின் நிலை விளங்கும். அவன் சட்டத்தை மதிப்பதில்லை என்பது ஒரு பக்கம் என்றால், சட்டம் அவனைக் காப்பதில்லை என்பது மறுபக்கம். இந்த இரண்டாம் பக்கத்தை மறந்த படங்களில் அவன் வெறும் முரடனாகிவிடுகிறான்.

அறிவியல் புனைவு இதற்குள் எப்படி வருகிறது என்பதற்கு, 2000 ஆம் ஆண்டில் டேவிட் டூஹி இயக்கத்தில் வந்த ‘பிட்ச் பிளாக்’ நல்ல எடுத்துக்காட்டு. வின் டீசல் நடித்த ரிடிக் என்ற தண்டனைக் கைதியை ஏற்றிச்செல்லும் விண்கலம், மூன்று சூரியன்கள் காயும் ஒரு பாலைக் கோளில் விழுந்து நொறுங்குகிறது. உயிர் பிழைத்த பயணிகள் முதலில் அஞ்சுவது அவனைத்தான். ஆனால் அந்தக் கோளில் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு கிரகணம் நேர்ந்து இருள் கவியும், இருளில் மட்டும் வெளியே வரும் கொலைகார உயிரினங்கள் நிலத்துக்கு அடியில் வாழ்கின்றன என்பது மெல்லத் தெரியவருகிறது. ரிடிக்கின் கண்களோ இருளில் பார்க்க வல்லவை. சிறையில் ஒரு மருத்துவரிடம் 20 மென்தால் சிகரெட் கொடுத்துக் கண்ணை மெருகேற்றிக்கொண்டதாக அவனே சொல்கிறான். வெளிச்சம் தாங்காததால், ஓசூர்ப் பட்டறைகளில் வெல்டிங் வைப்பவர்கள் அணிவதைப் போன்ற கறுப்புக் கண்ணாடியோடு பகல் முழுவதும் திரிந்தவன், கிரகணம் தொடங்கியதும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுகிறான்.

அந்தக் கண்ணின் மினுக்கம் முற்றிலும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. இரவு பஸ்ஸின் விளக்கு பட்டுச் சாலையோரத்து மாட்டின் கண்கள் பச்சையாக ஒளிர்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாடு, பூனை முதலிய விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்துபோன ஒளியை அது திருப்பி அனுப்புவதால், அந்த ஒளியைப் பிடிக்க விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. மனிதக் கண்ணில் அந்தப் படலம் இல்லை. இல்லாத ஒன்றை ஒருவனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அதன் விளைவுகளை விடாமல் பின்தொடர்ந்து போவதுதான் அறிவியல் புனைவின் வேலை. இங்கே அதன் விளைவு என்னவென்றால், ஒளி இருந்தவரை ஆபத்தாக இருந்த மனிதன் இருள் வந்ததும் எல்லோருக்கும் இன்றியமையாதவன் ஆகிறான். அவன் திருந்திவிடவில்லை. சூழ்நிலைதான் தலைகீழானது.

அந்தப் படத்தில் நெஞ்சைப் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. ரிடிக்கைப் பிடித்துக்கொண்டு போகும் ஜான்ஸ், பார்ப்பதற்குச் சட்டத்தின் காவலனைப் போலவே இருப்பான். உண்மையில் அவன் தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் காசு பார்க்கும் கூலி வேட்டைக்காரன், மார்ஃபினுக்கு அடிமை. உயிரினங்களைத் திசை திருப்ப, கூட வரும் சிறுமியைக் கொன்று உடலை இரையாக இழுத்துச் செல்லலாம் என்று யோசனை சொல்பவன் அவன்தான். மறுப்பவன் ரிடிக். கொலைகாரனாக அறியப்பட்டவன் மறுக்க, ஒழுங்கின் பிரதிநிதியாகத் தோன்றியவன் கேட்கிற அந்த நிமிடத்தில் நாம் ரிடிக்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இருந்தாலும் அடுத்த நிமிடம் அவன் எல்லோரையும் விட்டுவிட்டுக் கலத்தில் ஏறிப் போய்விடுவானோ என்ற ஐயம் போவதில்லை, அப்படிப் போக அவன் முயலவும் செய்கிறான். அந்த ஐயம் இருக்கும்வரைதான் அவன் எதிர்நாயகன்.

சட்டத்தின் உடை அணிந்தவர்களே குற்றம் செய்யும் கதையைத் தருமபுரியிலிருந்து எழுதுகிறவன் கற்பனையாக மட்டும் கடந்துபோக முடியாது. அரூர் பகுதியிலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைவாழ் மக்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக, தருமபுரி சிறப்பு நீதிமன்றம் 2011 செப்டம்பரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த நீதியைப் பெற்றுத்தந்தது கத்தி ஏந்திய தனியொருவன் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கைக் கைவிடாமல் சாட்சி சொன்ன பெண்களும் அவர்களோடு நின்றவர்களும்தான். அதே போல, 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக்கொல்லப்பட்ட வீரப்பனை ஏழைகளின் காவலனாகப் பேசுகிறவர்களை இன்றும் இங்கே சந்திக்கலாம். அவரால் கொல்லப்பட்ட காவலர்களுக்கும் வனத்துறையினருக்கும் கிராமத்தவர்களுக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, அந்த வீடுகளில் இன்றும் மாலை போட்ட படங்கள் உண்டு. உயிரோடு வாழ்ந்த ஒருவரை எதிர்நாயகனாக்கும்போது அந்தப் படங்களை நாம் மறைத்துவிடுகிறோம் என்பது என் உறுதியான கருத்து.

அறிவியல் புனைவு இந்த வகைக் கதைக்கு ஏன் பொருத்தமான நிலம் என்பதும் இங்கேதான் தெளிவாகிறது. பெயரில்லாத கோளில், இதுவரை யாரும் வாழாத நூற்றாண்டில் நடக்கும் கொலைக்கு நம் பக்கத்துத் தெருவில் யாரும் விதவை ஆவதில்லை. ஆகவே ஒருவன் எதுவரை போகலாம், எந்த இடத்தில் அவனை மன்னிக்க முடியாது என்ற கேள்வியை யாரையும் காயப்படுத்தாமல் எடுத்துப் பேச முடிகிறது. சட்டத்தையும் எழுத்தாளரே புதிதாக இயற்றலாம். இரண்டாம் பாகத்தின் சிக்கல் இந்தப் புதிய சட்டத்திலிருந்தே முளைக்கிறது.

முதல் பாகத்தின் முடிவில் ரிடிக் மாறத் தொடங்கிவிட்டான். தன்னைக் காப்பாற்றத் திரும்பி வந்த விமானி ஃப்ரை என்ற பெண் தன் கண்முன்னே இறந்துபோனதைப் பார்த்தவன் அவன். மாறிவிட்டவனை வைத்து மறுபடியும் அதே ஐயத்தை எப்படி எழுப்புவது? பழையபடி கெட்டவனாக்கினால் முதல் படம் பொய்யாகிவிடும். நல்லவனாகவே விட்டுவிட்டால் அவன் சாதாரண நாயகன். தொடர்ச்சிப் படம் எடுக்கும் எல்லோரும் இந்த இடத்தில் சிக்குகிறார்கள், எடுப்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வழி கதையின் அளவைப் பெருக்குவது. 2.3 கோடி டாலரில் எடுக்கப்பட்ட சிறிய திகில் படத்துக்கு, 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் 2004 ஜூன் மாதம் வந்த இரண்டாம் பாகமே ‘தி குரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்’. ஒரு கோளின் இடத்தில் பல கோள்கள், ஒரு கூட்டம் பயணிகளின் இடத்தில் மதம் மாறு அல்லது செத்துப்போ என்று உலகம் உலகமாக விழுங்கிவரும் நெக்ரோமங்கர்கள் என்ற படை, கண் மெருகின் இடத்தில் ஃப்யூரியா என்ற அழிந்த கோளின் வாரிசு என்ற முன்னறிவிப்பு என எல்லாம் பெருகின.

அந்தப் பெருக்கத்தில் இழந்தது என்ன என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். 20 சிகரெட்டுக்குக் கண்ணை மாற்றிக்கொண்ட கைதியை நான் நம்பினேன், விதியால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிசை அப்படி நம்ப முடியவில்லை. பிறப்பாலேயே பெரியவன் என்று தெரிந்துவிட்டால் அவன் செய்யும் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நியாயம் கிடைத்துவிடுகிறது. முதல் படம் பெரியவர்களுக்கான தணிக்கைத் தரத்தில் வந்தது, இரண்டாவது படமோ பதின்ம வயதினரும் பார்க்கும்படி மென்மையாக்கப்பட்டது. அதனால் அவனுடைய வன்முறையின் எடையும் குறைந்தது. உலக அளவில் சுமார் 11.5 கோடி டாலர்தான் வசூலானது, அந்தச் செலவுக்கு அது போதாது.

இருந்தும் அந்தப் படத்தை ஒதுக்கிவிட என்னால் முடியாது, அதற்குக் காரணம் கிரிமடோரியா என்ற சிறைக் கோள். பகலில் ஏறத்தாழ 700 டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்கும், இரவில் உறையும் அந்தக் கோளில் சிறை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து தப்பியவர்கள், விடியல் தங்களைத் தொடுவதற்கு முன் மேற்பரப்பில் பாறை பாறையாகத் தாவி ஓடிக் கலம் நிற்கும் இடத்தை அடைய வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் ஒரு சுவர் போல வந்துகொண்டிருக்கும். இப்படி விடியலை முந்தி ஓட முடியுமா என்று கேட்டால், தருமபுரியில் முடியாது. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்தால், நம் அகலாங்கில் விடியல் கோடு மணிக்கு ஏறத்தாழ 1,630 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கிப் போகிறது. ஆனால் புதன் கோளில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த சூரிய உதயத்துக்கும் இடையே 176 பூமி நாள்கள் ஆகின்றன. அதன் நடுக்கோட்டுச் சுற்றளவோ 15,300 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வகுத்துப் பார்த்தால் விடியல் கோடு மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, அதாவது சந்தைக்குப் போகும் ஒருவர் மெதுவாக நடக்கும் வேகம். பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்து, இரவில் சுழியத்துக்குக் கீழே 180 வரை இறங்கும் அந்தக் கோளில், காற்றுக்கும் உடைக்கும் வழி செய்துகொண்டால், விடியலுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்கலாம்.

இந்தக் காட்சி எதிர்நாயகனுக்கு இவ்வளவு பொருந்துவது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். இருளில் வாழ்பவனைச் சூரியன் துரத்துகிறது. சிறைக் காவலர்களைவிட அங்கே அவனுக்குப் பெரிய எதிரி அந்த வெளிச்சம்தான். கோளே ஒரு சட்டமாகி அவனைத் தேடுகிறது. பல கோடி டாலர் அரண்மனைக் காட்சிகளில் தொலைந்துபோன மனிதன், ஓடிப்போய் ஒரு பாறை நிழலில் ஒடுங்கும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறான்.

படத்தின் முடிவோ வேறு கதை. கொன்றவனுக்கே கொல்லப்பட்டவனின் உடைமை என்பது நெக்ரோமங்கர்களின் வழக்கம். அவர்களுடைய தலைவனை ரிடிக் கொன்றுவிடுகிறான்; களைத்துப்போய் அவன் சாய்ந்து உட்காரும் இருக்கை சிம்மாசனமாக இருக்கிறது, படை முழுவதும் மண்டியிடுகிறது. சட்டத்துக்கு வெளியே நின்றவன் ஒரே வீச்சில் சட்டமாகிவிட்டான். காட்சியாக இது அழகானது. ஆனால் கதையாக இது ஒரு முட்டுச்சந்து, ஏனென்றால் அரசனை யாரும் தள்ளிவைக்க முடியாது, தள்ளிவைக்கப்படாதவன் அவுட்லாவும் இல்லை.

இதே சிக்கலை அளவு பெருக்காமல் தீர்த்த ஓர் இரண்டாம் பாகம் அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்’ 1979 இல் வந்தபோது மேக்ஸ் ஒரு போலீஸ்காரர், சிதைந்துகொண்டிருந்தாலும் சட்டம் ஒன்று இருந்தது. 1981 இல் வந்த இரண்டாம் பாகத்தில் சட்டமே இல்லை. பெட்ரோலுக்காக ஆள்களைக் கொல்லும் கும்பல்களும், எண்ணெய்க் கிணற்றைச் சுற்றி வேலி போட்டுக் காக்கும் ஒரு சிறு குழுவும், ஒரு நாயோடும் காரோடும் அலையும் மேக்ஸும்தான். அவன் அவர்களுக்கு உதவுவது இரக்கத்தால் என்று சொல்ல முடியாது, முதலில் அது பெட்ரோலுக்கான பேரம். கடைசியில் அவன் ஓட்டிச்செல்லும் டேங்கர் லாரியைக் கும்பல் துரத்துகிறது, மோதல் நடக்கிறது, லாரி கவிழ்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சியின் கனம் உடனே தைக்கும். கவிழ்ந்த டேங்கரிலிருந்து எண்ணெய் கொட்டவில்லை, மணல் கொட்டுகிறது. உண்மையான எரிபொருள் வேறு வண்டிகளில் போய்விட்டது, அவனிடம் யாரும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையில் வழியும் மணலைப் பார்த்து மேக்ஸ் மெல்லச் சிரிக்கிறான். அவனை நல்லவனாக்காமலும் கெட்டவனாக்காமலும், ஒரு சமூகத்துக்குப் பயன்பட்டும் அதற்குள் சேர்க்கப்படாதவனாக நிறுத்திவைத்த அந்த மணலை, இவ்வகைத் தொடர்ச்சிப் படங்களில் நான் கண்ட மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன்.

ரிடிக்கின் மூன்றாம் படம் 2013 செப்டம்பரில், 3.8 கோடி டாலர் என்ற அடக்கமான செலவில், மீண்டும் பெரியவர்களுக்கான தரத்தில் வந்தது. டூஹியும் டீசலும் தங்கள் பிழையைத் தாங்களே உணர்ந்திருந்ததைப் போல, சிம்மாசனத்தைச் சில நிமிடங்களிலேயே பறித்துவிட்டு, கால் முறிந்த நிலையில் அவனை ஒரு பாழ்நிலத்தில் எறிந்துவிடுகிறார்கள். படத்தின் முதல் பகுதி ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் போகிறது. அவன் எலும்பைத் தானே நேராக்கிக் கட்டுகிறான், நாய் போன்ற ஒரு விலங்கின் குட்டியை வளர்க்கிறான், சேற்றில் வாழும் உயிரினத்தின் நஞ்சைச் சிறிது சிறிதாக உடலில் ஏற்றி உடலைப் பழக்குகிறான். பாம்புக்கடிக்கு மருந்து செய்யக் குதிரைகளுக்குச் சிறு அளவில் நஞ்சைச் செலுத்தி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

பிறகு அந்தக் கோளை விட்டு வெளியேற அவனுக்குக் கலம் வேண்டும். ஆளில்லாத ஒரு வேட்டைக்காரர் நிலையத்தைக் கண்டுபிடிக்கிறான். அங்கிருந்த அவசர அழைப்புக் கருவியின் முன் நின்று, அது தன் முகத்தை அடையாளம் காண விடுகிறான். உயிரோடு பிடித்தால் ஒரு விலை, பிணமாகக் கொண்டுவந்தால் இரண்டு மடங்கு என்று அவன் தலைக்கு அறிவித்திருப்பதால், இரண்டு கூட்டங்கள் இரண்டு கலங்களில் விரைந்து வருகின்றன. முதல் பாகத்தில் அவனை அழுத்திய தேடுதலை, இங்கே அவனே தூண்டிலாக வீசுகிறான்.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை, 2000 ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்ப்பது. அடுத்து 2013 ஆம் ஆண்டுப் படம். 2004 ஆம் ஆண்டுப் படத்தைக் கடைசியாக, இயக்குநரின் நீண்ட பதிப்பு கிடைத்தால் அதில் பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது கிரிமடோரியாவின் ஓட்டம் வருகிற இடத்தில் மட்டும் செல்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.